பென் ஜோன்சன் எந்த நாட்டு வீரர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஊக்கமருந்து விவகாரங்கள் பற்றி வந்த கட்டுரையை முழுவதும் வாசித்தேன். எழுதியவர் விசயம் விளங்கித்தான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மூன்றாவது பந்தியில் "1988 சியோல் ஒலிம்பிக்கில் பிடிபட்ட ஜமேக்க வீரர் பென் ஜோன்சன்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த "ஜமேக்க" என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். இரண்டு வரியில் எழுதி அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை, நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூறு மீற்றர் ஓட்டக்காரர் பென் ஜோன்சன் ஜமேக்காவில் ஃபால்மத் என்ற ஊரில் பிறந்தவர், சரி. 1976இல் பதினான்கு வயதில் இங்கே கனடாவுக்கு வந்துவிட்டார். வளர்ந்தது ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில், உங்கள் பேப்பர் அடுக்கி வைக்கும் கடைகள் இருக்கிற அதே ஸ்காபரோ. பயிற்சி எடுத்தது யோர்க் பல்கலைக்கழகத்தில். 1984 லொஸ் ஏஞ்சலஸில் இரண்டு வெண்கலம், 1987இல் ரோமில் 9.83 விநாடி என்று உலக சாதனை, எல்லாமே மேப்பிள் இலை போட்ட உடுப்போடு ஓடியவைதான். ஓர்டர் ஒஃப் கனடா விருதும் கொடுத்தார்கள். அப்போதெல்லாம் இந்த நாட்டில் அவரைப் பிறந்த ஊர் சொல்லிக் கூப்பிட்டவர்களை நான் காணவில்லை.

சியோலில் அவர் ஓடிய அந்த நூறு மீற்றர் ஓட்டத்தை நான் பார்த்தேன். 1988 செப்டெம்பர் 23, வெள்ளிக்கிழமை. சியோலில் சனிக்கிழமை மதியம், இங்கே இரவு பதினொன்றரை மணி போல. வெல்லஸ்லி - பார்லிமென்ட் சந்திப் பக்கம் இரண்டு அறை உள்ள ஒரு வீட்டில் ஏழு பெடியன்கள் இருந்தோம். நான் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊரில் இந்திய இராணுவம் நின்ற காலம், அம்மாவிடமிருந்து கடிதம் வர ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும், அகதி வழக்கு எந்த அடுக்கில் எத்தனையாவது கோப்பாகக் கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முதலாளியிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் முந்தியே வெளிக்கிட்டு ஈரச் சப்பாத்தோடு ஓடி வந்தேன். எங்களிடம் இருந்த ரிவி யாரோ வேண்டாம் என்று வெளியே வைத்ததைத் தூக்கி வந்தது, ஒருவர் அன்ரெனாவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றால்தான் படம் ஆடாமல் நிற்கும். அன்றைக்குப் பிடித்துக்கொண்டு நின்றவன் வவுனியாப் பெடியன் ஒருவன், பாவம், முழு ஓட்டத்தையும் பக்கவாட்டில் நின்றுதான் பார்த்தான்.

ஆறாவது பாதையில் ஜோன்சன், மூன்றாவதில் அமெரிக்கரான கார்ல் லூயிஸ். வெடிச் சத்தம் கேட்டதும் ஜோன்சன் எழும்பி ஓடவில்லை, குந்தியிருந்த தவளை பாய்கிற மாதிரிப் பாய்ந்தார். அதன் பிறகு அவரை ஒருவரும் நெருங்கவில்லை. லூயிஸ் தலையைத் திருப்பித் திருப்பி அவரைப் பார்த்ததும், முடிவுக் கோட்டுக்கு முன்னமே ஜோன்சன் ஒரு கையை உயர்த்தி விரலைக் காட்டியதும் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. 9.79. கையை உயர்த்தாமல் ஓடியிருந்தால் இன்னும் குறைந்திருக்கும் என்று வர்ணனையாளர்கள் கதைத்ததெல்லாம் எங்களுக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. பக்கத்து வீட்டில் இருந்த சனமும் கத்தியது, மேல் மாடியிலும் கத்தியது, முழுக் கட்டடமும் கத்தியது. பிரதமர் மல்ரோனி தொலைபேசியில் அவரைப் பாராட்டியதை நேரடியாகவே காட்டினார்கள். அன்ரெனாவை விட்டுவிட்டு வந்த பெடியன் என்னைக் கட்டிப்பிடித்து "நாங்கள் வென்றிட்டோம்" என்றான். "கனடா வென்றிட்டுது" என்று அவன் சொல்லவில்லை. அது வரைக்கும் இந்த நாட்டைப் பற்றிக் கதைக்கும்போது "அவங்கள்", "வெள்ளைக்காரன்" என்றுதான் எங்கள் வாயில் வரும். "நாங்கள்" என்ற சொல் அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல்முதலாக வந்தது.

அடுத்த நாள் வேலைக்குப் போனால் குசினியில் திருவிழா. எங்கள் தலைமைச் சமையற்காரர் ஜமேக்காவிலிருந்து வந்தவர், பதினைந்து வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறார். என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டிராத மனிதர், அன்றைக்குத் தன் கையால் சோறும் அவரைக்கொட்டையும் போட்ட ஒரு தட்டைக் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வெயிட்டர் ஒருவர் உள்ளே வந்து எல்லோருக்கும் கை கொடுத்து "எங்கள் பென், எங்கள் பென்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை இரவு செய்தி வந்தது. சிறுநீர்ப் பரிசோதனையில் ஸ்ரனோசொலோல் என்ற ஸ்ரெறொயிட் இருந்ததாம், இரண்டாவது குப்பியையும் சோதித்துவிட்டார்களாம், பதக்கத்தைப் பறித்துவிட்டார்களாம். பதக்கம் அவர் கையில் இருந்தது மூன்று நாள். தங்கம் லூயிஸுக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை அதே வெயிட்டர் குசினிக்குள் வந்தார். சமையற்காரரைப் பார்த்து, "உங்கள் ஆள் செய்த வேலையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். சனிக்கிழமை "எங்கள் பென்". செவ்வாய்க்கிழமை "உங்கள் ஆள்". சமையற்காரர் பதில் சொல்லவில்லை, வெங்காயம் வெட்டிக்கொண்டே இருந்தார். அந்த வெயிட்டர் ஒன்றும் பொல்லாதவர் இல்லை, எனக்கு ஆங்கிலம் சொல்லித் தந்தவர், பிறகு என் பிள்ளை பிறந்தபோது உடுப்பு வாங்கித் தந்தவர். வேண்டுமென்று சொன்னதாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அவருக்குத் தெரியாமலே வாயில் வந்துவிட்டது. உங்கள் கட்டுரை எழுதியவருக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

இங்கே எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் நேர்மையாக இராது. அன்றைக்குப் பின்னேரம் எங்கள் வீட்டிலும் கதை மாறிவிட்டது. ஊரிலிருந்து நாங்கள் கொண்டுவந்த சாமான்களில் கறுப்பின மக்களைக் குறிக்கும் ஒரு கெட்ட சொல்லும் இருந்தது, உங்கள் வாசகர்கள் எல்லோருக்கும் அது தெரியும், நான் அதை இங்கே எழுதவில்லை. வெள்ளி இரவு தொண்டை கிழியக் கத்திய ஏழு பேரில் இரண்டு மூன்று பேர் செவ்வாய் இரவு அந்தச் சொல்லைப் போட்டுத்தான் ஜோன்சனைப் பற்றிக் கதைத்தார்கள். நான் சொல்லவில்லை, ஆனால் சொல்லாதே என்றும் தடுக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அது எனக்குள் கிடந்து உறுத்துகிறது.

எங்களோடு இருந்தவர்களில் வயதில் மூத்த அண்ணை ஒருவர் 1986 ஆவணியில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்தபோது காப்பாற்றப்பட்ட 155 தமிழரில் ஒருவர். அந்தக் கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீன்பிடிக்காரர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தபோது இந்த நாடே கண் கலங்கியது. பிறகு, இந்தியாவிலிருந்து வருகிறோம் என்று அவர்கள் சொன்னது பொய், மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பல் ஏறியவர்கள் என்று தெரியவந்ததும் அதே சனத்தில் கனபேர் திருப்பி அனுப்பு என்று நின்றார்கள். அந்த அண்ணை செவ்வாய்க்கிழமை ரிவியில் விமான நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோன்சன் வந்து இறங்குகிறார், முன்னும் பின்னும் கமெராக்கள், தள்ளுமுள்ளு, அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறார். அண்ணை மெதுவாகச் சொன்னார்: "இனி இந்தப் பெடியனையும் எங்கேயிருந்து வந்தனி என்றுதான் கேட்பாங்கள்."

அப்படியேதான் நடந்தது. கனடிய வீரர் என்று எழுதிய கைகளே பிறகு ஜமேக்காவில் பிறந்தவர் என்றும், அதற்குப் பிறகு ஜமேக்கக் குடிவரவாளர் என்றும் எழுதத் தொடங்கின. இதைப் பற்றி இங்கே கறுப்பின மக்கள் அப்போதிருந்தே சொல்லி வருகிறார்கள், நான் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை.

சரி, அவர் செய்தது சரியா என்றால், இல்லை. அதில் எனக்கு ஒரு மயக்கமும் இல்லை. இருந்தது ஒரு காலத்தில். முதல் எட்டு மாதமும் நான் அவரை நம்பினேன், சும்மா நம்பவில்லை, சண்டை பிடித்து நம்பினேன். அவர் தெரிந்து ஒன்றும் எடுக்கவில்லை என்று சொன்னார், அது எனக்குப் போதுமாக இருந்தது. குடிக்கிற பானத்தில் யாரோ கலந்துவிட்டார்கள் என்று ஒரு கதை ஓடியது, அதைப் பிடித்துக்கொண்டேன். அமெரிக்காக்காரனின் சதி என்று ஒருவர் சொன்னார், அதையும் பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை உள்ளே போன மருந்து இல்லை, உடம்பின் சொந்த ஹோர்மோன் சுரப்பே அடங்கிப் போகிற அளவுக்கு நெடுநாள் எடுத்திருக்கிறார் என்று பரிசோதனைக்காரர்கள் சியோலிலேயே காட்டியிருந்தார்கள். அதை ஒருவர் எனக்கு விளக்கியபோது, "நீ டொக்டரா?" என்று கேட்டு வாயை அடைத்தேன். ரசிகன் என்றால் அப்படித்தான். தனக்கு வேண்டிய மட்டும் காதில் விழும்.

1989இல் நீதியரசர் டுபின் தலைமையில் அரசாங்கம் வைத்த விசாரணையை ரிவியில் காட்டினார்கள். பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸ் வந்து, 1981இலிருந்தே ஜோன்சன் ஸ்ரெறொயிட் எடுத்து வந்தார் என்று நாள் கணக்கில் இருந்து விபரமாகச் சொன்னார். அவரோடு பயிற்சி எடுத்த அஞ்செலா இசஜென்கோவும் வந்து, தான் எடுத்ததையும் மற்றவர்கள் எடுத்ததையும் சொன்னார். ஆனியில் ஜோன்சனே வந்து ஒப்புக்கொண்டார். பொய் சொன்னதையும் வெட்கப்பட்டதையும் சொன்னார். அந்த மனிதருக்குக் கதைக்கும்போது நாக்குத் திக்கும், ஒவ்வொரு பதிலுக்கும் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பிரான்சிஸ் சொன்னபோது வந்தது கோபம், ஜோன்சன் சொன்னபோது அந்தக் கோபமும் போய்விட்டது. யாரோடெல்லாம் அவருக்காகச் சண்டை பிடித்தேனோ அவர்களின் முகங்கள்தான் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ரோமில் ஓடிய 9.83ஐயும் பிறகு பதிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுக்க வேண்டியதுதான்.

ஆனால் அந்த விசாரணை ஜோன்சனோடு நிற்கவில்லை. பதக்கம், பதக்கம் என்று பதக்கத்தை வைத்தே பணம் கொடுத்த முறையையும், கேள்விப்பட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்த விளையாட்டு நிர்வாகிகளையும் டுபினின் அறிக்கை கண்டித்தது. பயிற்சியாளர் கனடியர், பணம் கனடியர் பணம், பேசாமல் இருந்தவர்கள் கனடியர்கள். ஓடியவர் மட்டும் எப்படி ஜமேக்கர் ஆனார்?

தடை முடிந்து 1991 தையில் ஹமில்ரனில் உள்ளரங்கப் போட்டிக்கு வந்தபோது அரங்கம் நிரம்பி வழிந்தது. அவர் இரண்டாவதாகத்தான் வந்தார், சனம் எழும்பி நின்று ஆரவாரித்தது. அதையும் சொல்ல வேண்டும், எல்லோரும் கைவிடவில்லை. 1992 பார்சலோனாவில் அரையிறுதியில் தொடக்கத்திலேயே தடுமாறிக் கடைசியாக வந்தார். 1993 தையில் மொன்றியலில் ஓடியபோது திரும்பவும் பிடிபட்டார், இந்த முறை அளவுக்கு மிஞ்சிய ரெஸ்ரொஸ்ரறோன், ஆயுள்தடை. அந்தச் செய்தி வந்தபோது நான் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். முதல் தடவைக்கு ஆயிரம் காரணம் தேடலாம். இரண்டாம் தடவைக்கு எங்கே போய்த் தேடுவது?

அப்போதுதான் அந்தக் கதை வந்தது. விளையாட்டுத்துறைக்குப் பொறுப்பாக இருந்த மத்திய அமைச்சர் பியர் கடியூ, ஜோன்சன் நாட்டுக்கே அவமானம் என்றும், ஜமேக்காவுக்குத் திரும்பிப் போவதைப் பற்றி அவர் யோசிக்கலாம் என்றும் சொன்னார். நான் கேட்டதிலேயே அருவருப்பான கதை என்று ஜோன்சன் பதில் சொன்னார். நீங்களே யோசித்துப் பாருங்கள் ஆசிரியர் அவர்களே. பதினேழு வருடமாக இங்கே இருக்கிற மனிதர், இந்த நாட்டுப் பிரஜை, நாட்டின் விருது வாங்கியவர். தப்புச் செய்தார், தண்டனை கொடுத்தாயிற்று, இனி ஓடவே கூடாது என்றாயிற்று. அதற்கு மேலே, பிறந்த இடத்துக்குப் போ என்று ஓர் அமைச்சர் வாயால் வருகிறது. இங்கே பிறந்த வெள்ளைக்கார வீரர் ஒருவர் அதே மருந்தை எடுத்துப் பிடிபட்டிருந்தால் எங்கே போகச் சொல்லியிருப்பார்? அந்த வருடம்தான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. சத்தியப் பிரமாணம் எடுத்துவிட்டு வந்து பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்தபோது கை சும்மா இருக்கவில்லை, எடுத்து எடுத்துப் பார்த்தேன். இதை எவ்வளவு காலத்துக்கு நம்பலாம், எந்தத் தப்பு வரைக்கும் இது செல்லும் என்றுதான் மனதில் ஓடியது. இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இந்த நகரத்திலேயே பென்சனும் எடுத்துவிட்டேன். அந்தக் கேள்வி முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு விசயத்தையும் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. அந்த ஓட்டத்தில் நின்ற எட்டுப் பேரில் ஆறு பேரின் பெயர் ஒரு காலத்தில் இல்லாவிட்டால் இன்னொரு காலத்தில் மருந்து விவகாரத்தில் அடிபட்டது. லூயிஸுக்கே 1988 அமெரிக்கத் தேர்வுப் போட்டிகளில் ஊக்கி மருந்துகள் சிறிய அளவில் பிடிபட்டிருந்தன, தெரியாமல் எடுத்தார் என்று அங்கே ஏற்றுக்கொண்டார்கள், அது வெளியே வந்தது 2003இல். வெள்ளி வாங்கிய லின்ஃபோர்ட் கிறிஸ்ரி சியோலிலேயே ஒரு பரிசோதனையில் மாட்டி, ஜின்செங் தேநீரால் வந்தது என்று விளக்கம் சொல்லித் தப்பினார், 1999இல் நன்ட்ரொலோன் என்ற ஸ்ரெறொயிட்டில் பிடிபட்டார். ஐந்தாவதாக ஓடி வந்த டெனிஸ் மிச்செல் 1998இல் பிடிபட்டார். இதையெல்லாம் ஜோன்சனைக் காப்பாற்றுவதற்காக எழுதவில்லை. எல்லோரும் திருடினார்கள் என்பதால் ஒருவர் திருடியது இல்லை என்று ஆகாது.

கல்வின் சிமித்துக்காகத்தான் எழுதுகிறேன். நாலாவதாக வந்தவர், 9.99. ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, எங்கள் ரிவியில் அவர் இருந்த பக்கம் எப்படியும் படம் கலங்கித்தான் இருந்தது. மேலே வந்த ஐந்து பேரில் ஒரு நாளும் எந்தப் பரிசோதனையிலும் சிக்காத ஒரே ஆள் அவர்தான். ஜோன்சனை எடுத்ததால் வெண்கலம் அவருக்கு வந்தது. மூன்றாவது இடத்து மேடையில் ஏறி நிற்க வேண்டிய நேரத்தில் ஏறி நிற்கவில்லை. நான் எட்டு மாதம் யாருக்காகவெல்லாமோ சண்டை பிடித்தேன், சுத்தமாக ஓடிய அந்த மனிதரின் பெயரைக்கூடச் சரியாகத் தெரிந்துகொண்டது பல வருடம் கழித்துத்தான். ஆறாவதாக வந்த பிரேசில்காரர் ரொப்சன் டா சில்வாவின் பெயரும் இந்த அழுக்கில் ஒரு நாளும் வரவில்லை.

1996இல் அற்லான்ராவில் டொனோவன் பெய்லி 9.84 ஓடித் தங்கம் வாங்கினார். அவரும் ஜமேக்காவில் பிறந்தவர். உங்கள் பழைய பேப்பர்கள் என்னிடம் கொஞ்சம் இருக்கின்றன, தேடி எடுத்துப் பார்த்தேன், "கனடிய வீரர் பெய்லி" என்றுதான் போட்டிருக்கிறீர்கள். பக்கத்தை வெட்டி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

ஆகையால் அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். "ஜமேக்க வீரர் பென் ஜோன்சன்" என்பது "கனடிய வீரர் பென் ஜோன்சன்" என்று இருக்க வேண்டும். ஊக்கமருந்து பாவித்துப் பிடிபட்டவர் என்பதில் கை வைக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். இடம் இருந்தால் கல்வின் சிமித்தின் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

நன்றி.

ஸ்காபரோவிலிருந்து
உங்கள் நீண்டகால வாசகர் ஒருவர்